பெரட்டு மாஸ்டரும் புதுத் தொரையும்

கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயந்த மனிதர்கள் பலரை எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரே பார்த்துப் பயந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். மாத்தளையில் அவரைப் பெரட்டு மாஸ்டர் என்பார்கள். காலையிலிருந்து முரண்டு பிடித்த மெஷின், அவர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் தானாக ஓடத் தொடங்கியதை நான் இரண்டு தடவை கண்ணால் கண்டிருக்கிறேன். மூன்றாவது தடவை ஓடவில்லை. எழுத உட்கார்ந்தது அந்த மூன்றாவது தடவையைப் பற்றித்தான்.

முதலில் பெயர். தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் தப்புப் பறை அடித்து ஆட்களைக் கூட்டி, வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். இவர் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பதினேழு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து பெரட்டு எடுத்தவர். தோட்டத்து ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது எல்லோரும் எட்டி நின்றார்கள். இவர் கிட்டப் போனார். ஒரே ஒரு புத்தகத்தை வைத்துத் தொழிலைக் கற்றுக்கொண்டு டவுனுக்கு இறங்கிவிட்டார். அந்தப் புத்தகத்தின் கடைசி இருபது பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. கம்ப்யூட்டரை எப்படி நிறுத்துவது என்ற விஷயம் அந்த இருபது பக்கங்களில்தான் இருந்திருக்க வேண்டும். கடைசி வரை அவர் சுவர் சுவிட்சை அடித்துத்தான் நிறுத்தினார்.

காக்கி அரைக்கால்சட்டை, முழங்கால் வரை மேசு என்கிற காலுறை, கழுத்தில் விசில். கையில் மூன்று தட்டு டிபன் கேரியர். கீழ்த்தட்டில் திருப்புளிகள், நடுத்தட்டில் திருகாணிகள், மேல்தட்டில் ரொட்டியும் சம்பலும். ஒருநாள் எனக்கும் ஒரு ரொட்டி தந்தார். கடவாய்ப் பல்லில் கடக்கென்று ஏதோ பட்டது. துப்பிப் பார்த்தால் திருகாணி. "அட, இவன நேத்துலேருந்து தேடுறேன் சார்!" என்று சட்டையில் துடைத்து நடுத்தட்டில் போட்டுக்கொண்டார். என் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

பழுது பார்க்கும் முறையும் பெரட்டுதான். எந்தக் கோளாறாக இருந்தாலும் மெஷினின் வயிற்றைத் திறந்து சகலத்தையும் வெளியே எடுத்து மேசையில் வரிசையாக வைப்பார். விசில் ஊதுவார். "மெமரி!" என்று கூப்பிட்டு, தானே "வந்தேன்!" என்று வேறு குரலில் பதில் சொல்லி, அதை மட்டும் திரும்ப மாட்டிப் பூட்டி மெஷினை ஓட்டிப் பார்ப்பார். பிறகு அடுத்த ஆள். யாரைப் பூட்டியதும் மெஷின் முரண்டுகிறதோ அவன்தான் குற்றவாளி. ஒரு மருந்துக்கடைக் கம்ப்யூட்டருக்குள்ளே பல்லி முட்டை இரண்டு கிடைத்தபோது அவற்றையும் வரிசையில் வைத்து, பட்டியலைப் பார்த்து, "பேர் பதியாத ஆளுக்கு இங்க வேலை இல்ல" என்று ஜன்னல் வழியாக இறக்கிவிட்டார். கடைக்காரர் சிங்களவர். ஒரு சொல் புரியாவிட்டாலும் மரியாதையாக எழுந்து நின்றார்.

2007-ஆம் ஆண்டு. நான் அப்போது மாத்தளைத் திருகோணமலை வீதியில், துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில், தோட்டத்து மக்களுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் சிறிய அலுவலகத்தில் வேலை பார்த்தேன். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அடையாள அட்டை இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். விண்ணப்பத்தோடு மூலப் பத்திரங்கள் கொழும்புக்குப் போய்விடும். கடுதாசிப் பிரதிகளை முந்திய வருட மழை கூரை வழியாக வந்து கூழாக்கியிருந்ததால், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைக்கத் தொடங்கினோம். டிஸ்க் நிறைந்தது. புதிதாக நாற்பது ஜிபி டிஸ்க் ஒன்று வாங்கினோம். மெஷின் அதைப் பார்க்க மறுத்தது.

பெரட்டு மாஸ்டர் வந்து விளக்கம் சொன்னார். "கரண்டு குடுத்ததும் மொதல்ல கண்ணு முழிக்கிறவன் பயோஸுன்னு ஒருத்தன் சார். அவந்தான் தொரை, தோட்டத்து மேனேஜரு மாதிரி. எவன் எவன் வந்திருக்கான்னு பாத்து வேலைய பிரிச்சுக் குடுத்துட்டு பங்களாவுக்குப் போயிருவான். நம்ம தொரை பழைய ஆளு. முப்பத்திரெண்டு ஜிபிக்கு மேல எண்ணத் தெரியாது. ஆளையே மாத்தணும்."

"தொரையை மாத்தலாமா, மாஸ்டர்?"

"தோட்டத்துல நாலு தொரைய மாத்தியிருக்கோம். இவன் எம்மாத்திரம்?"

பௌர்ணமிப் போயாவுக்கு முதல் நாள் பிற்பகலில் மாற்றினார். ஒரு பிளாப்பியைப் போட்டு, பழைய பயோஸை அழித்துப் புதியதை எழுதினார். எழுதி முடியும் வரை மின்சாரம் போய்விடக் கூடாது என்று எங்களை மின்விசிறியைக்கூடத் தொடவிடவில்லை. நல்லபடியாக முடிந்தது. புது டிஸ்க் தெரிந்தது. பழைய டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினார். பிறகு பழையதைச் சுத்தமாகத் துடைத்து, "இவருக்கு பென்சன்" என்று என் கையில் கொடுத்தார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. போகும்போது மட்டும் வாசலில் நின்று திரும்பினார். "தொரை மாறினா ஒருநா ரெண்டுநா தோட்டம் தடுமாறும் சார். பயப்படாதீங்க."

மறுநாள் போயா விடுமுறை. காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றார். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். கொழுந்து பறிப்பவர். பெயர் மாரியாயி. நாங்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர்களில் அவருடைய மகள் புஷ்பராணியும் ஒருத்தி. கொழும்பில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்துகொண்டு, கூட்டாளிப் பெண்களோடு ஓர் அறையில் இருந்தாள். முந்தாநாள் அங்கே பொலிஸ் நடத்திய சுற்றிவளைப்பில் அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். அட்டை இன்னும் வரவில்லை, விண்ணப்பித்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள்.

மாரியாயி ஒரு கடுதாசித் துண்டை நீட்டினார். கொழும்பில் மகளுக்காகப் பேசும் லோயரின் தொலைபேசி எண். பேசினேன். அவர் சுருக்கமாகச் சொன்னார்: "பர்த் சர்டிபிகேட், தோட்டத்துக் கடிதம், விண்ணப்பத்தின் பிரதி, உங்கள் ஆபீசிலிருந்து ஒரு உறுதிக் கடிதம். நாலு மணிக்குள் ஃபேக்ஸில் வந்தால் பொலிஸ் ஸ்டேஷன் பெரியவர் விடுவதாகச் சொல்கிறார். நாலு மணிக்கு அவர் டியூட்டி மாறிப் போகிறார். அடுத்து வருபவரிடம் எனக்குப் பேச்சு இல்லை. தடுப்புக் காவலுக்கு அனுப்பிவிட்டால் பிறகு மாதக் கணக்கு."

முதல் மூன்றும் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன; உறுதிக் கடிதத்தின் மாதிரியும் அதில்தான். எட்டே முக்காலுக்கு அலுவலகத்தைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பு. உள்ளேயிருந்து ஒரு நீட்டுச் சத்தம், இரண்டு குட்டைச் சத்தம்.

ஒன்பதரைக்குப் பெரட்டு மாஸ்டர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். மாரியாயியை ஒரு தரம் பார்த்தார். டிபன் கேரியரைத் திறந்தார். அன்று மேல்தட்டைத் தொடவே இல்லை.

"தப்பு அடிக்கிறான் சார். ஒரு நீட்டு, ரெண்டு குட்டைன்னா படம் காட்டுற கார்டு வேலைக்கு வரல்லன்னு அர்த்தம்."

"டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறொரு மெஷினில் போட்டுப் பார்க்கலாமே?"

"போயா சார். கம்ப்யூட்டர் கிளாசு எல்லாம் பூட்டு. வீட்டுல மெஷின் வச்சிருக்க லோயர், டாக்டரு எல்லாம் நேத்தே ஊருக்குப் போயிட்டாங்க." விசிலை எடுத்து வாயில் வைத்தார். மாரியாயியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊதாமலே கழுத்தில் போட்டுக்கொண்டார்.

சகலமும் மேசைக்கு வந்தன. மெமரி, வந்தேன். படக் கார்டு, வந்தேன். அதன் பித்தளைப் பற்களை அழிறப்பரால் தேய்த்து அழுத்திப் பூட்டினார். பதினொன்றே காலுக்குத் திரையில் எழுத்து வந்தது. நான் கை தட்டினேன். அவர் தட்டவில்லை. எழுத்து சொன்னது நல்ல செய்தி அல்ல. பதிவுகள் குழம்பியிருப்பதாகச் சொன்னது. டிஸ்க்கை எட்டு ஜிபி என்று காட்டிவிட்டு அப்படியே உறைந்து போனது.

"புரிஞ்சிருச்சு. புதுத் தொரை பழைய தொரையோட செக்ரோல், அதான் பேர் பதிவு, அத வச்சுக்கிட்டு ஆளு பாக்குறான். அதுல இருக்கவன் எவனும் இன்னிக்கு இல்ல. செக்ரோல அழிக்கணும்."

அழிப்பதற்கு வழி இருந்தது. மதர்போர்டு என்ற தாய்ப்பலகையின் மூலையில் மூன்று ஊசிகள். அவற்றில் இரண்டை மூடியபடி அரிசி அளவில் ஒரு பிளாஸ்டிக் குல்லா. அதைக் கழற்றி அடுத்த இரண்டு ஊசிகளில் மாட்டினால் பயோஸ் தன் பழைய குறிப்பு எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆனால் மாஸ்டரின் விரல்கள் மண்வெட்டிப் பிடி மாதிரி. குல்லாவுக்கு மேலே பெரிய வயர்க் கட்டு. மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் பக்கத்து வயர்தான் கையோடு வந்தது. என் விரல்களால் வயர்களுக்குள் நுழையவே முடியவில்லை. சொல்லிப் பயனில்லை.

"தள்ளுங்க சாமி," என்றார் மாரியாயி. அலுவலகத்துக்கு வந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. "எத எடுக்கணும்? இந்தக் கறுப்பா?" இரண்டு நகங்கள் வயர்களுக்கு நடுவே போயின, குல்லாவோடு வந்தன, அடுத்த ஊசிகளில் அதை வைத்தன. மற்ற எதுவும் அசையவில்லை.

மாஸ்டர் வாயைப் பிளந்தார். "ஒரு நாளைக்கு எத்தன கிலோ எடுப்பீங்க?"

"அத இப்ப ஏன் கேக்குறீங்க? எம் புள்ளைய எடுங்க."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு மற்றதையெல்லாம் திரும்பப் பூட்டினார். பன்னிரண்டே முக்காலுக்குச் சுவிட்சைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. திரையும் இல்லை, சத்தமும் இல்லை, விசிறிகூடச் சுற்றவில்லை. காலையில் தப்பாவது அடித்தது. இப்போது பிணம்.

பெரட்டு மாஸ்டர் வெளிறியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார். மறுபடி பெரட்டு. இந்தத் தடவை பதில் சொல்லும் குரல் வரவரச் சன்னமாகியது. எல்லோரும் வந்திருந்தார்கள். யாரிடமும் குற்றமில்லை. பவர் பெட்டியைத் தனியாகச் சோதித்தார். நல்ல சுகம். ஒன்றரை ஆனது. லோயர் தொலைபேசியில் கூப்பிட்டு, "என்ன நடக்கிறது அங்கே?" என்றார். "அனுப்புகிறோம்" என்றேன். என்னத்தை அனுப்புவது?

"நாந்தான் சார் தோட்டத்த கெடுத்துட்டேன். இருந்த தொரைய வுட்டிருக்கலாம்," என்றார் மாஸ்டர்.

ஒன்று ஐம்பதுக்கு மாரியாயி எழுந்து வந்தார். மேசையில் இருந்த வரிசையைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். "ஏங்க, நான் ஒண்ண எடம் மாத்தி வச்சேனே. அது அங்கனயே கெடக்கலாமா? இல்ல திரும்ப அது எடத்துக்குப் போகணுமா?"

மாஸ்டர் பலகையின் மேல் குனிந்தார்.

குல்லா. அழித்து முடிந்ததும் அதைப் பழைய ஊசிகளுக்கே மாற்ற வேண்டும். மாற்றும் வரை பலகை உயிர் பெறாது. இது அந்தப் புத்தகத்தில், கறையான் தொடாத பக்கத்தில், இருந்தது. ஆனால் குல்லா பலகையை விட்டு மேசைக்கு வரவில்லை. மேசைக்கு வராததால் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததால் இரண்டு தடவை பெரட்டு எடுத்தும் அவர் அதைக் கூப்பிடவே இல்லை.

"கூப்பிடாதவன் எப்படி சார் பதில் சொல்லுவான்?" என்று மெதுவாகச் சொன்னார். மாரியாயியின் நகங்கள் மறுபடி உள்ளே போயின.

மெஷின் எழுந்தது. மாஸ்டர் அதை டிஸ்க்கைத் தேடச் சொன்னார். நாற்பது ஜிபி என்று புதுத் தொரை தெளிவாகச் சொன்னார். இரண்டரைக்குப் புஷ்பராணியின் பிறப்புச் சான்றிதழ் திரையில் வந்தது. மாரியாயிக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பேர் இருக்கும் இடத்தில் சரியாக விரலை வைத்தார்.

பிரிண்டர் அச்சடிக்க மறுத்தது. அதற்கும் புதுத் தொரையிடம் கெஞ்சி, பிரிண்டர் போகும் வாசலின் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. மூன்று ஐந்துக்கு நான்கு தாள்களும் கையில் இருந்தன. நானும் மாரியாயியும் கிளம்பினோம். மாஸ்டர் வழக்கப்படி சுவர் சுவிட்சை அடித்தார்.

ஃபேக்ஸ் வசதி இருந்த கம்யூனிகேஷன் கடை சந்திக்கு அந்தப் பக்கம். நடுவே காவலரண். ஓடினால் மூன்று நிமிடம். ஆனால் அந்த வருடங்களில் வீதியில் ஓடக்கூடாது. ஓடுபவனை நிறுத்துவார்கள். நடந்தோம். காவலரணில் புதிய முகங்கள். என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார்கள். மாரியாயியிடமும் அட்டை இருந்தது.

நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் பாதி இறக்கிய ஷட்டருக்குள் எங்களைக் குனிந்து வரச் சொன்னார். "அவசரமா? தாங்க மாஸ்டர், தாங்க." அவர் எல்லோரையும் மாஸ்டர் என்பார். பிறப்புச் சான்றிதழ் போனது. தோட்டத்துக் கடிதம் போனது. விண்ணப்பம் போனது. உறுதிக் கடிதத்தை மெஷினில் வைக்கும்போது என் கண் மேல் மூலையில் விழுந்தது. தேதி, 2000 ஜனவரி 1.

எங்கள் கடிதங்களில் தேதியைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். குறிப்பையெல்லாம் அழித்ததில் அது நாளையும் மறந்திருந்தது. ஏழு வருடத்துக்கு முந்திய கடிதத்தை நீட்டினால் பொலிஸ் என்ன சொல்லும்? பேனாவால் திருத்தினால் இன்னும் மோசம். மணி மூன்று இருபத்தெட்டு. நானாவின் மற்ற லைனில் அலுவலகத்துக்குப் பேசினேன்.

"மாஸ்டர், தேதி பிழை!"

"நிப்பாட்டிட்டேனே சார். மறுபடி எழுப்பி, பிரிண்டர சமாதானம் பண்ண அர மணி ஆகும்."

அப்போதுதான் நினைவு வந்தது. காலையிலிருந்து எங்கள் தலைக்கு மேலே, அலுமாரியின் உச்சியில், ஒரு ஆங்கில டைப்ரைட்டர் உட்கார்ந்திருந்தது. "இறக்குங்கள். லெட்டர்ஹெட் மேசை இழுப்பறையில், மேல் லாச்சியில். நான் சொல்லச் சொல்ல அடியுங்கள்." ஐந்து வரி. அவர் ஒரு விரலால் அடித்த ஒவ்வொரு எழுத்தும் தொலைபேசியில் எனக்குக் கேட்டது. "சீலையும் எடுத்துக்கொண்டு நீங்களே வாருங்கள்" என்றேன். "சந்தியத் தாண்டித்தானே சார் வரணும்?" என்று கேட்டார்.

"ஆமாம் மாஸ்டர், சீக்கிரம்!"

"வாறேன் சார்."

மூன்று ஐம்பதுக்கு ஷட்டருக்குள் குனிந்து வந்தார். மேசு இரண்டும் கணுக்காலுக்கு இறங்கியிருந்தன. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வயசான ஆள், வேகமாக நடந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன், சீல் குத்தினேன். முதல் தடவை லைன் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. "அல்லாஹ்வே, போ மகனே போ" என்று நானா மெஷினின் முதுகைத் தட்டினார். மூன்று ஐம்பத்தேழுக்குத் தாள் உள்ளே இழுபட்டது.

ஐந்தே காலுக்கு லோயர் பேசினார். புஷ்பராணியை அவர் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். மாரியாயி ரிசீவரைக் காதில் வைத்து மகளின் குரலைக் கேட்டார். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். இரத்தோட்டை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

அடுத்த வாரம் ஒருநாள், அலுவலகம் மூடும் நேரம், பெரட்டு மாஸ்டர் வந்தார். டிபன் கேரியர் இல்லை. பழுது பார்ப்பவர் உட்காரும் ஸ்டூலை விட்டு, விண்ணப்பக்காரர்கள் உட்காரும் வாங்குப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன மாஸ்டர், எந்த மெஷின்?"

"மெஷின் இல்ல சார். எனக்கும் ஒண்ணு எழுதணும்."

அடையாள அட்டையைத்தான் சொல்கிறார் என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"டவுன விட்டு எங்கயும் போறதில்லியே, எனக்கெதுக்குன்னு இருந்துட்டேன். சந்தியில நிக்கிற பயலுகளுக்கெல்லாம் என்னைய தெரியும். அன்னைக்கு நின்னது புதுப் பயலுக. கையில காட்ட ஒண்ணுமில்ல. எங்க போறன்னு கேட்டான். பொலிசுக்கு லெட்டர் கொண்டு போறேன்னு சிங்களத்துல சொன்னேன். உண்மதானே சார்? வழிய வுட்டுட்டான்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "பேப்பர் இருந்த புள்ளையவே அம்புட்டு நேரம் வச்சிருந்தானுங்க."

இரண்டு வருடமாக அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து போனார். அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. எங்களில் ஒருவர்கூட அவரைக் கேட்டதில்லை.

ஒரு புதுப் படிவத்தை எடுத்தேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தோட்டம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டு எழுதினேன். வழக்கமாக எனக்கு அது பதினைந்து நிமிட வேலை. அன்று எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது, கீழே துணிக்கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.